சிமித்தியேருக்குத் தமிழில் என்ன?

போன நவம்பரில், ரீயூனியன் தீவின் சேன்-பியேர் ஊரில் எங்கள் தமிழ் வகுப்புக்கு வரும் ஓர் அக்கா நோட்டில் எழுதிக் காட்டிய வாக்கியம் இது: ‘நேற்று அம்மாவுக்குப் பூ வைக்கச் சுடுகாட்டுக்குப் போனேன்.’ எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் போன இடத்தில் யாரையும் சுடுவதில்லை. நவம்பர் 1 தூசேன், புனிதர் அனைவருக்குமான கத்தோலிக்கத் திருநாள். தீவு முழுக்கக் கல்லறைகளைக் கழுவிப் பூ வைப்பார்கள். மல்பார் என்று இங்கே அழைக்கப்படும் நம்மவர்களும் போவார்கள். அக்கா அகராதியில், புதைக்கும் இடத்தைக் குறிக்கும் ‘சிமித்தியேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லைத் தேடியிருக்கிறார், அது சுடுகாடு என்று சொல்லியிருக்கிறது.

சிமித்தியேரின் வேர் கிரேக்கம். கொய்மேத்தேரியோன் என்றால் படுத்துத் தூங்கும் இடம். செத்தவர் உயிர்த்தெழும்வரை உறங்குகிறார் என்று நம்பிய ஆதிக் கிறிஸ்தவர்கள் புதைக்கும் இடத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அது லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கும் போர்த்துக்கீசியத்துக்கும் போனது. தமிழ்க் கத்தோலிக்கர் சிலர் சொல்லும் சிமித்தேரியும் அந்தக் குடும்பம்தான். ஈழத்துக் கத்தோலிக்கர் சேமக்காலை என்பார்கள். காதுக்கு இதமான சொல், ஆனால் இந்தத் தீவில் யாருக்கும் தெரியாது.

சாவைத் தூக்கமாகப் பார்ப்பது நமக்கும் பழசுதான். துஞ்சுதல் என்றால் தூங்குதல், சாதலும் அதுவே. புறநானூற்றில் ‘குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்’ என்று வருகிறவன் அங்கே மதியத் தூக்கம் போட்டவன் அல்ல, அங்கே உயிர்விட்டவன். ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ என்று கல்வெட்டு சொல்லும் முன்னோனுக்கு ராஜராஜ சோழன் மேல்பாடியில் எழுப்பிய கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். பள்ளி என்பது படுக்கும் இடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி எல்லாம் அதிலிருந்து வந்தவை. வேருக்கு வேர் வைத்துப் பார்த்தால் கொய்மேத்தேரியோனுக்கு நேர் தமிழ் பள்ளிதான். ஆனால் இன்றைக்கு ‘பூ வைக்கப் பள்ளிக்குப் போனேன்’ என்று எழுதினால் ஆசிரியர் தினமா என்று கேட்பார்கள்.

அப்புறம் இடுகாடு. சுடுவது சுடுகாடு, புதைப்பது இடுகாடு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மணிமேகலையில் புகார் நகரத்து ஈமப்புறமான சக்கரவாளக் கோட்டத்தைக் காட்டும் இடத்தில் ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’ என்று வருகிறது. ஒரே இடத்தில் ஐந்து வழக்கம். கவனித்தால், குழிதோண்டிப் படுப்பவர் வேறு, இடுபவர் வேறு. இடுதல் என்பது அங்கே சும்மா போட்டுவிட்டு வருவது. புதைப்பது என்ற பொருள் பிறகு அதன் மேல் ஏறியிருக்க வேண்டும். காடு என்ற பின்பாதியும் என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது. மதிலும் நடைபாதையும் பெயர் பொறித்த கல்லுமாக இருக்கும் இடத்தைக் காடு என்று எப்படிச் சொல்ல? (சாக்காட்டில் வரும் காடு இந்தக் காடு இல்லை. அது வேக்காடு, நோக்காடு போல வெறும் விகுதி.)

காடு பொருந்தும் ஒரே காரணம் பேய்க்கதை. அந்தக் கோட்டத்திலேயே சார்ங்கலன் என்ற பையன் பேய் ஆடுவதைப் பார்த்துப் பயந்து செத்த கதை உண்டு. சேன்-பியேருக்கு சித்தரான். மொசாம்பிக்கிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவன், கொலைக் கும்பலில் சேர்ந்தான், 1911 ஜூன் 20 அன்று இந்த ஊரில் கில்லட்டினில் தலை போனது. சிவப்பும் கறுப்புமாகப் பூசிய அவன் கல்லறையில் மெழுகுவத்தி, சிகரெட், ரம். எதிரியை அடக்கவும் காரியம் கைகூடவும் வேண்டிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். தூங்கும் இடம் என்று பெயர் வைத்துவிட்டு அவனை மட்டும் தூங்கவிடுவதில்லை.

இதே தீவின் சேன்-போல் ஊரில் கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் லா பூஸ் என்ற கடற்கொள்ளையனின் கல் இருக்கிறது. ஒலிவியே லவாசர் என்ற அவனை 1730 ஜூலை 7 அன்று தூக்கிலிட்டார்கள். புதையலுக்கு வழிசொல்லும் புதிர் எழுத்தைக் கூட்டத்தில் வீசிவிட்டுச் செத்தான் என்பது கதை. அந்தத் தோட்டம் திறந்ததே அவன் செத்துப் பல பத்தாண்டுகள் கழித்து. ஆனாலும் 1977இல் எலும்பு கொண்டுவந்து அடக்கிய கவிஞர் லெகோந்த் த லீல் அங்கேயே இருக்க, கூட்டம் என்னவோ கொள்ளையன் கல்லைச் சுற்றித்தான்.

சரி, வகுப்புப் பலகையில் என்ன எழுதுவது? நகரத்து சிமித்தியேருக்குக் கல்லறைத் தோட்டம் என்பது என் கட்சி. கல் வைக்காமல் புதைக்கும் ஊர்ப்புறத்து நிலத்துக்கு இடுகாடு போதும். மயானம் வடமொழியிலிருந்து வந்தது, கேட்டதும் சிதைதான் கண்ணில் நிற்கும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுடுகாட்டை அடித்து, இடுகாடு என்று எழுதி, அதையும் அழித்து, கடைசியில் ‘அம்மா கல்லறைக்குப் பூ வைக்கப் போனேன்’ என்று எழுதினார். அதற்கு அடுத்த வரியில் வீட்டில் ‘சம்ப்லானி’ வைத்ததாக இருந்தது. முன்னோர்க்குப் பிடித்ததைச் சமைத்து வாழையிலையில் படைப்பதற்கு இங்கே அதுதான் பேர். நம் சாம்பிராணியிலிருந்து வந்த சொல். அதை அப்படியே விட்டுவிட்டேன்.