எல்லாத்துக்கும் "வயிறு நோகுது" தானா?

ஸ்கூல் மெடிக்கலுக்குப் போற நாளில நான் கூடக் கேக்கிற வசனம் ஒண்டுதான், "டொக்டர், வயிறு நோகுது". தரம் 1, 4, 7, 10 பிள்ளையளை எம்ஓஎச் ஆபிசில (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை) இருந்து போய்ப் பாக்கிறது வழக்கம், 200 பேருக்குக் குறைஞ்ச சின்னப் பள்ளிக்கூடம் எண்டால் எல்லாரையும் பாப்பம். உயரம், நிறை, கண், பல், காது, தலையில பேன் வரைக்கும் பாத்து முடியேக்க பத்துப் பேராவது வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். கனபேருக்கு வயித்தில ஒண்டும் இருக்காது.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல தரம் 4 பிள்ளை ஒண்டு இப்பிடித்தான் வந்தது. வயித்தை அமத்திப் பாத்தால் அடிவயித்தில மட்டும் லேசா நெளியுது. மிட்வைஃப் அக்கா பக்கத்தில இருத்தி ஆறுதலாக் கதைச்சுக் கேட்டாப் பிறகுதான் வந்தது, சலம் போகேக்க எரியுதாம், ரெண்டு கிழமையா. அம்மாட்டச் சொன்னியா எண்டால் "வயிறு நோகுது எண்டு சொன்னன்" எண்டுது. அம்மாவும் பாவம், ஓமத்தண்ணி குடுத்திருக்கிறா. யூரின் ஃபுல் ரிப்போர்ட் எடுத்தால் இன்ஃபெக்ஷன். ஏன் வந்தது எண்டு தேடிப் போனால் பிள்ளை காலமை வீட்டில போனாப் பிறகு ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போகும் வரைக்கும் டொய்லெட்டுக்குப் போறதே இல்ல, போகக்கூடாது எண்டு தண்ணியும் குடிக்கிறேல்ல, காலமை நிரப்பிக் குடுத்த போத்தல் அப்பிடியே திரும்பி வீட்டுக்குப் போகுது, திருகோணமலை வெயிலில! டொய்லெட் கதவுக்குக் கொண்டி இல்ல, வெளியில நிண்டு கதவைப் பிடிக்கிற சிநேகிதப்பிள்ளை வேற ஸ்கூலுக்கு மாறிப் போட்டுதாம்.

இதுக்கு நான் என்ன மருந்து எழுதுறது? அன்டிபயோட்டிக் எழுதினன்தான். கதவுக்கு ஆர் எழுதுறது.

சலம் எண்டு சொல்ல வெட்கப்படுற பிள்ளை வேற எதைச் சொல்லும்? நாங்கள் குடுத்து வச்சிருக்கிற ஒரே சொல்லு வயிறு. பயம் எண்டாலும் வயிறு, ஸ்கொலர்ஷிப் பேப்பர் கிளாசுக்குப் போக விருப்பமில்ல எண்டாலும் வயிறு, ஆரும் தொடக்கூடாத இடத்தில தொட்டாலும் வயிறுதான். உடம்பில மூக்கு, கண், காது எல்லாத்துக்கும் பேர் சொல்லிக் குடுத்திட்டு உடுப்புக்குள்ள இருக்கிற இடத்துக்கு மட்டும் "ச்சீ" எண்டு பேர் வச்சிருக்கிறம், பிறகு அந்த இடத்தில ஒண்டு நடந்தால் பிள்ளை என்னெண்டு வந்து சொல்லும்? வீட்டில என்ன சொல்லுப் பாவிக்கிறீங்களோ அதையே சொல்லிக் குடுங்கோ, டொக்டர் பாஷை தேவையில்ல, ஆனா டீச்சருக்கும் விளங்கிற சொல்லா இருக்கோணும். பிள்ளை ஒண்டு சொல்லத் தொடங்கினால் "ஏன் அப்பவே சொல்லேல்ல" எண்டு மட்டும் கேட்டுடாதேங்கோ, அதோட வாய் மூடிடும். திருப்பித் திருப்பி ஆள் மாறி ஆள் விசாரிக்கவும் வேண்டாம். 1929 எண்ட நம்பருக்குக் கோல் எடுத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குப் போகும், என்ன செய்யிறது எண்டு அவை சொல்லுவினம்.

அடுத்தது தரம் 5லயே பெரியபிள்ளை ஆகிற கதை. இதைப் பற்றிக் கதைச்சால் அம்மாமார் கொஞ்சப் பேருக்குக் கோவம் வரும், பரவாயில்ல. பெரியபிள்ளை ஆகிறது 12, 13 வயசிலதான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறம், 9, 10 வயசிலயே ஆகிற பிள்ளையள் இருக்கினம், அது வருத்தம் இல்ல. எங்கட பிரைமரியில சுகாதாரம் எண்டு தனிப் பாடம் இல்ல, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள்ள கை கழுவுறதும் பல் தீட்டுறதும் வரும், சுகாதாரமும் உடற்கல்வியும் எண்ட பாடம் தரம் 6லதான் தொடங்கும். அதுக்கு முன்னமே ஆகிற பிள்ளைக்கு ஆர் சொல்லுறது? இன்டர்வலுக்கும் எழும்பாமக் கதிரையிலயே இருந்த ஒரு பிள்ளையைப் பற்றி டீச்சர் ஒராள் சொன்னா. வெள்ளை யூனிஃபோம் வேற. டீச்சர் முதலில பிடிவாதம் எண்டு ஏசிப்போட்டு, பிறகுதான் கண்டிருக்கிறா. அந்தப் பிள்ளை பிறகு என்னட்டச் சொன்னது, "எனக்குப் பெரிய வருத்தம் ஒண்டு வந்து சாகப்போறன் எண்டு நினைச்சன்". இதுவும் "வயிறு நோகுது" எண்டுதான் காலமை தொடங்கினதாம். அதுக்குப் பிறகு சாமத்தியவீடு ஹோல் எடுத்து, வீடியோ, அல்பம் எல்லாம் அமர்க்களமா நடந்தது. ஊருக்கே சொன்னாச்சு, பிள்ளைக்கு மட்டும் முதலில ஒருத்தரும் சொல்லேல்ல.

(பெரியபிள்ளை ஆனாக் குடுக்கிற உளுத்தங்களி, பச்சை முட்டை பற்றிக் கேப்பீங்கள். உளுந்து நல்லது, தாராளமாக் குடுங்கோ. பச்சை முட்டை குடிக்கக் குடுக்கிறது வேண்டாம், அவிச்சுக் குடுங்கோ, பச்சையில கிருமி இருக்கும். மீனையும் இறைச்சியையும் நிப்பாட்டாதேங்கோ, இரத்தம் போற நேரம் இரும்புச்சத்துத் தேவை.)

லண்டன்ல இருக்கிற என்ர மச்சாள் ஒருக்கா கோல் எடுத்துப் புறுபுறுத்தா, மகளின்ர பிரைமரி ஸ்கூல்ல இதெல்லாம் படிப்பிக்கிறாங்களாம், நிப்பாட்ட ஏலாதா எண்டு. அங்க 2020 செப்டம்பர்ல இருந்து அரசாங்க பிரைமரி ஸ்கூல்ல சுகாதாரக் கல்வி கட்டாயம், பாலியல் கல்விப் பகுதியில இருந்து பெற்றோர் கேட்டுப் பிள்ளையை விலத்தலாம், ஆனா மாதவிடாயும் வளரிளம் பருவ மாற்றமும் சுகாதாரத்துக்குள்ள வாறதால அதில இருந்து விலத்த ஏலாது. நல்ல யோசனை எண்டுதான் நான் சொன்னன், மச்சாள் கொஞ்ச நாள் கதைக்கேல்ல.

இதைப் பற்றி வகுப்பில கதைக்கேக்க பொடியங்களையும் வெளியில அனுப்பாதேங்கோ. போன வருஷம் ஒரு வகுப்பில பொம்பிளைப் பிள்ளையளை மட்டும் வச்சுக் கதைச்சு முடிச்சு வெளியில வர ஒரு பொடியன் வந்து கேக்கிறான், "டொக்டர், அக்கா ஏன் பத்திரகாளி அம்மன் திருவிழாவுக்கு எங்களோட வரேல்ல, கேட்டால் அம்மா அடிக்கிறா" எண்டு. கேலி பண்ணக் கேக்கேல்ல, உண்மையா விளங்காமத்தான் கேட்டவன். மாதம் ஒருக்கா பொம்பிளையளின்ர உடம்பில நடக்கிற விஷயம், காயமும் இல்ல வருத்தமும் இல்ல எண்டு ரெண்டு வசனம் சொன்னன். "ஓ, அவ்வளவுதானா" எண்டுட்டு பந்து விளையாட ஓடிட்டான்.

நிலாவெளிப் பிள்ளையைப் பிறகும் பாத்தன். கொண்டிக்கு ஸ்கூல்ல கடிதம் எழுதி, வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பி, பதில் வரும் எண்டு இருந்தவை, கடைசியில தச்சுவேலை செய்யிற அப்பா ஒராள் சனிக்கிழமை வந்து நாலு கதவுக்கும் கொண்டி பூட்டிக் குடுத்திட்டுப் போனவர். பிள்ளையின்ர போத்தலை வாங்கிக் குலுக்கிப் பாத்தன், அரைவாசிதான் இருந்தது.