கறுப்பா, கரிச்சாம்பலா?

அமெரிக்காவின் ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயின்ட் நிறுவனத்தின் அடர்நிறங்களில் டிரைகார்ன் பிளாக், அயர்ன் ஓர் இரண்டும் பெயர் பெற்றவை. முதலாவது சுத்தமான கறுப்பு, அடுத்தது கரிச்சாம்பல். ஷேடு கார்டில் பார்த்தால் எதை எடுத்தால் என்ன என்று தோன்றும். சுவர் முழுக்க அடித்த பிறகு அப்படித் தோன்றாது.

காரணம் எல்.ஆர்.வி. என்ற எண்ணில் இருக்கிறது. மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை ஒரு நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதே அது. டிரைகார்ன் பிளாக்குக்கு 3, அயர்ன் ஓருக்கு 6. வித்தியாசம் வெறும் மூன்றுதானே? வெள்ளைகளில் 80க்கும் 83க்கும் நடுவிலும் மூன்றுதான், ஆனால் அது சட்டென்று கண்ணில் படாது. நம் கண் கழித்துப் பார்ப்பதில்லை, எத்தனை மடங்கு என்றுதான் பார்க்கிறது. மூன்றுக்கு ஆறு இரண்டு மடங்கு. கண் உணரும் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளக்கும் 1976ஆம் ஆண்டு சிஐஇ (ஒளி, நிற அளவீடுகளை வகுக்கும் சர்வதேச ஆணையம்) அளவுகோலில் இந்த இரண்டும் 20, 29 என்று தள்ளி நிற்கின்றன. அந்த இரண்டு வெள்ளைகளோ 92, 93 என்று ஒட்டி நிற்கின்றன.

ஷேடு கார்டில் இது தெரியாமல் போவதற்குச் சுற்றியுள்ள வெள்ளைதான் காரணம். பளிச்சென்ற வெள்ளைக்கு நடுவில் எந்த அடர்நிறமும் இன்னும் கறுத்துத்தான் தெரியும்.

‘கறுப்பு அடித்தால் அறை இருண்டுவிடும், அதனால் அயர்ன் ஓர்’ என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு சரியில்லை. வெள்ளை அறையில் வெளிச்சம் சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பிக்கொண்டே இருக்கும். எல்லாப் பரப்பும் 80 சதவீதத்தைத் திருப்பினால், அப்படிச் சேர்ந்து சேர்ந்து விளக்கு நேரடியாகத் தருவதைப் போல 5 மடங்கு வெளிச்சம் கிடைக்கும். 6 சதவீதம் என்றால் 1.06 மடங்கு, 3 சதவீதம் என்றால் 1.03. கண்ணுக்கு அவ்வளவு வேறுபடும் இரண்டு நிறங்களும் அறையின் வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஒன்றேதான். வெளிச்சம் வேண்டுமென்றால் கூரையை வெள்ளையாக விடுங்கள், விளக்கைக் கூட்டுங்கள். நிறத்தைச் சுவரின் தோற்றத்துக்காகத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், பளபளப்பு. காய்ந்த பெயின்டின் மேற்பரப்பே, நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை உள்ளே விடாமல் திருப்பிவிடும். வெள்ளையில் அது ஒரு பொருட்டே அல்ல. கறுப்பிலோ நிறம் தரும் ஒளியே அவ்வளவுதான்! பளபளப்பில்லாத மேட் பெயின்டில் அந்த ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால் கறுப்பு லேசாக வெளிறும். பளபளப்பான பெயின்டில் அது ஒரே திசையில் போவதால் கறுப்பு ஆழமாகத் தெரியும், ஆனால் ஜன்னலும் டியூப்லைட்டும் சுவரில் கோடு கோடாக மின்னும், பட்டி பார்த்ததில் உள்ள மேடுபள்ளமெல்லாம் தெரியும்.

எனவே இரண்டு பெரிய அட்டைகளில், வாங்கப்போகும் அதே பளபளப்பில் அடித்து, அறை மூலையில் தனித்தனியாகச் சாய்த்துவைத்து, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். கதவுச் சட்டத்தின் வேலைப்பாடு நிழலோடு தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அயர்ன் ஓரைத்தான் சொல்வேன். டிரைகார்ன் பிளாக்கில் அந்த நிழல்கள் நிறத்தோடு நிறமாகக் கலந்துவிடும்.