ஹைக்கூ: சொல்லும் விதியும் தமிழ்ப்பெயரும்

பாஷோ (1644–1694), பூசோன், இஸ்ஸா மூவரையும் ஜப்பானியக் குறுங்கவிதையான ஹைக்கூவின் முன்னோடிகள் என்கிறோம். ஆனால் அவர்கள் காலத்தில் இன்று நாம் சொல்லும் பொருளில் அந்தப் பெயரே வழக்கில் இல்லை, அவர்கள் எழுதியது ஹொக்கு. பலர் கூடி உட்கார்ந்து, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடுத்துக்கொண்டே போகும் தொடர்ப்பாட்டுக்கு ஜப்பானில் ரெங்கா என்று பெயர். அதில் வேடிக்கையும் அன்றாடப் பேச்சும் கலந்த வகை ஹைகாய். அதன் முதல் பாட்டு, 5-7-5 ஒலியளவில் வைப்பது, ஹொக்கு. அதாவது தொடக்கப் பாட்டு. அடுத்தவர் 7-7 வைப்பார், பிறகு மறுபடி 5-7-5. எந்தப் பருவத்தில் கூடியிருக்கிறார்கள் என்று முதல் பாட்டு காட்டிவிட வேண்டும், அதோடு பின்னால் எதுவும் வராவிட்டாலும் தனியாக நிற்கவும் வேண்டும். பருவச்சொல், அதாவது கிகோ, முதல் தேவைக்கு. ஓட்டத்தை வெட்டி நிறுத்தும் கிரேஜி என்ற வெட்டுச்சொல் இரண்டாவதற்கு. ஆக இரண்டு விதிக்கும் காரணம் இருந்தது.

1890-களில் மசவோகா ஷிகி (1867–1902) அந்த முதல் பாட்டைச் சங்கிலியிலிருந்து கழற்றித் தனி வடிவமாக நிறுத்தி, 'ஹைகாய் நோ கு' என்ற தொடரின் சுருக்கமான ஹைகு என்ற பெயரை நிலைநாட்டினார். 'ஹை' என்றால் வேடிக்கை, விளையாட்டு. 'கு' என்றால் பாட்டின் அடி. இப்போது முகத்தை இறுக்கிக்கொண்டு தத்துவம் பேசும் ஹைக்கூக்களைப் படிக்கும்போது, பெயருக்குள்ளேயே விளையாட்டு இருப்பதை நினைவில் வைப்பது நல்லது.

ஜப்பானியரின் உச்சரிப்பில் கடைசி எழுத்து குறில்தான். தமிழில் 'ஹைக்கு' என்று எழுதினால் நான்காம் வேற்றுமை ஒட்டியது போல இருக்கும், 'ஹைக்கூ' என்ற நெடில் நிலைத்ததை அதனால் நான் குறையாகச் சொல்ல மாட்டேன். 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய பாரதி 'ஹொக்கு' என்றே எழுதினார்.

சரி, 5-7-5 கூடி வரும் அந்தப் பதினேழு. ஜப்பானியர் எண்ணுவது 'ஒன்' என்ற ஒலியளவை. அதை அசை என்று சொல்லிச் சொல்லியே பெரிய குழப்பம் வந்துவிட்டது. டோக்கியோ என்ற பெயர் அவர்களுக்கு நான்கு: தொ-ஒ-க்யொ-ஒ. குறில் ஒன்று, நெடில் இரண்டு, தனித்து நிற்கும் ன் ஒன்று. நம் இலக்கணத்தில் இதற்கு மிக அருகில் இருப்பது மாத்திரை. நமக்கு மெய் அரை மாத்திரை, அவர்களுக்கு முழுசாக ஒன்று, அந்த வேறுபாடு மட்டும் உண்டு. அசையோ நேர், நிரை என்று பெரிய பையாக இருக்கிறது. 'குளம்' மொத்தமும் ஒரே நிரையசை. 17 அசையில் தமிழில் எழுதினால் பாஷோவின் பாட்டைவிட மிக நீளமான ஒன்றுதான் வரும், விதியைக் காப்பாற்றியதாக நினைத்து விதியின் நோக்கமான சுருக்கத்தையே இழந்துவிடுவோம். மூன்று வரியும் அப்படித்தான்: ஜப்பானில் ஹைக்கூவைப் பெரும்பாலும் ஒரே நெடுவரியாக அச்சிடுவார்கள், மூன்று வரி மொழிபெயர்ப்பில் பரவிய பழக்கம்.

பாஷோவே எண்ணிக்கையை மீறியிருக்கிறார். பட்ட கிளையில் காகம் அமர்ந்திருக்கும் அந்த இலையுதிர்கால மாலைப் பாட்டில் நடுப்பகுதி 'கரசு நொ தொமரிகெரி', 7 வேண்டிய இடத்தில் 9. ஷிகிக்குப் பிறகு அவர் சீடர்கள் இருவரே இதில் பிரிந்தார்கள்: தகஹாமா கியோஷி பருவச்சொல்லும் 5-7-5-உம் கட்டாயம் என்று நின்றார், கவஹிகாஷி ஹெகிகோதோ இரண்டையும் தளர்த்திக்கொண்டே போனார். அந்தத் தளர்ந்த வழியில்தான் சான்தோகாவும் ஒசாகி ஹோசாயும் வந்தார்கள். ஹோசாயின் ஒரு பாட்டு மொத்தமே 9 ஒன்: 'இருமினாலும் தனியாள்'. பருவக் கட்டாயமும் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் இருமலுக்கும் தனிமைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது, வாசகர் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பள்ளம்தான் வெட்டு. எண்ணிக்கையை விடலாம், இதை விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பாஷோவின் தவளைப் பாட்டில் 'பழைய குளம்' என்றதும் 'ய' என்ற சொல்லால் நிறுத்திவிடுகிறார், அப்புறம்தான் தவளை குதிக்கிறது, நீர் ஓசை கேட்கிறது. நமக்கு ஏகாரமும் ஓகாரமும் இருக்கின்றன, ஓகாரத்துக்கு 'ஒழியிசை' என்றே ஒரு பொருளைத் தொல்காப்பியம் தருகிறது, அதாவது சொல்லாமல் விட்டதைக் கேட்கச் செய்வது! இதைப் பயன்படுத்தாமல் ஒரே வாக்கியத்தை மூன்றாக மடித்துப் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பருவத்தை ஜப்பானியப் பட்டியலிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. தவளை அவர்களுக்கு வசந்தம், நமக்கு மழைக்காலம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதும் திணைக்கான கருப்பொருளும் வைத்திருக்கும் மொழியில் செர்ரிப் பூவைத் தேடுவானேன்?

தமிழ்ப்பெயர்கள் பல வந்தன. குறும்பா என்பது ஹைக்கூவுக்குப் பொருந்தாது, அது ஈழத்துக் கவிஞர் மஹாகவி, லிமரிக் என்ற ஐந்து வரி ஆங்கில வேடிக்கைப் பாட்டு வடிவத்துக்கு வைத்து 1966-இல் நூலாகவும் தந்த பெயர். எழுத்தை மட்டும் மாற்றிய ஐக்கூ, கிரந்தத்தைத் தவிர்ப்பதோடு சரி. துளிப்பா எனக்குப் பிடித்தது. யாப்பில்லாததைப் பா என்பதா என்ற கேள்வி நியாயமானதுதான், ஆனாலும் அளவைச் சொல்கிறது, சொல்லவும் எளிது, இன்னொரு வடிவத்தோடு மோதுவதும் இல்லை. இன்னொரு வசதி, அதிலிருந்து மற்ற பெயர்களும் கிளைக்கின்றன: மனிதரைக் கேலி செய்யும் சென்ரியூவுக்கு நகைத்துளிப்பா, உரைநடையோடு ஹைக்கூ கலந்த ஹைபுனுக்கு உரைத்துளிப்பா. அரசியல்வாதியையும் மாமியாரையும் வரதட்சணையையும் கிண்டல் செய்யும் மூன்று வரிகளை நகைத்துளிப்பா என்றே அழையுங்கள், அது தாழ்ந்த வகை இல்லை, கராய் சென்ரியூ (1718–1790) பெயரால் ஜப்பானில் தனி மரபாகவே வாழ்கிறது.