கிரான்பெரி டப்பா வாங்குறதுக்கு முன்னாடி அதோட பின்பக்கத்தைப் பாருங்க

ஹாஸ்பிட்டல் பார்மஸில வேலை பாக்குறதால அடிக்கடி கண்ணுல படுற விஷயம் இது. நீர்க்கடுப்பு, ஒன்னுக்குப் போனா எரியுதுன்னு வர்ற பெண்கள் நிறைய பேர் ஏற்கனவே ஒரு கிரான்பெரி (புளிப்பான ஒரு சின்ன சிவப்புப் பழம்) கேப்ஸ்யூல் சாப்ட்டுட்டுதான் வர்றாங்க, யாரோ சொன்னாங்கன்னு ஆன்லைன்ல வாங்கினது.

அதுல வேலை செய்யுற பொருளுக்குப் பேரு புரோஆந்தோசயனிடின், சுருக்கமா பிஏசி. யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை கிருமி, அது மூத்திரப்பை உள்சுவர்ல ஒட்டிக்கிட்டுதான் பெருகும், அந்த ஒட்டுறதைத்தான் கிரான்பெரில இருக்குற ஏ-டைப் பிஏசி தடுக்குது. கிருமியைக் கொல்லாது. அதனால இப்போ எரிச்சலோட காய்ச்சல், விலா வலி, குளிரு இருந்தா தயவுசெஞ்சு கேப்ஸ்யூலை நம்பி நாளைக் கடத்தாதீங்க, யூரின் கல்ச்சர் (எந்தக் கிருமின்னு பாக்குற டெஸ்ட்) குடுத்துட்டு டாக்டரைப் பாருங்க, கிட்னி வரைக்கும் போயிடும்.

திரும்பத் திரும்ப வராம தடுக்க உதவுமான்னா, உதவும். 2023ல வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற அமைப்பு) மதிப்பாய்வுல 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தாங்க, அடிக்கடி இன்ஃபெக்‌ஷன் வர்ற பெண்களுக்கு கிட்டத்தட்ட கால்வாசி குறைஞ்சிருக்கு. கர்ப்பிணிகளுக்கும், முதியோர் இல்லத்துல இருக்குறவங்களுக்கும் பலன் தெரியல.

இப்போ டப்பாவுக்கு வருவோம். முன்னாடி பெரிய எழுத்துல '25,000 மி.கி பழத்துக்குச் சமம்'னு போட்டிருப்பாங்க, அதை விட்டுடுங்க. பின்னாடி 'கிரான்பெரி எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி'ன்னு இருக்கும், அதுவும் பத்தாது, ஏன்னா அந்த 500ல பிஏசி எவ்ளோங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 'பிஏசி 36 மி.கி'ன்னு தனியா எழுதியிருக்கான்னு தேடுங்க, நிறைய ஆய்வுகள்ல ஒரு நாளைக்குக் குடுத்த அளவு அதுதான். எந்த முறைல அளந்தாங்கன்னும் பாருங்க, டிமாக் (DMAC)னு அளக்குற முறையோட பேரு போட்டிருந்தா நல்லது, பழைய முறைகள்ல நம்பர் ஏத்தமா வரும். கலப்படமும் உண்டுங்க, திராட்சை விதை, வேர்க்கடலைத் தோல் எக்ஸ்ட்ராக்ட் எல்லாம் சேர்க்குறாங்க, அதுல பிஏசி இருக்கும் ஆனா பெரும்பாலும் இந்த ஒட்டாம தடுக்குற வகை இல்ல. வேர்க்கடலை அலர்ஜி இருக்குறவங்களுக்கு இது ரொம்ப சீரியஸ். அதனால அந்த பேட்ச்சோட லேப் ரிப்போர்ட்டைக் கேளுங்க, குடுக்காத கம்பெனியை நான் சிபாரிசு பண்றதில்ல. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) குடுக்குற 14 இலக்க நம்பர் கட்டாயம் இருக்கணும், ஆனா அது லைசென்ஸ் மட்டும்தான், தரத்துக்கு சர்டிஃபிகேட் இல்ல. 'இன்ஃபெக்‌ஷனைக் குணப்படுத்தும்'னு எழுதியிருந்தா வாங்கவே வேண்டாம், சப்ளிமெண்ட்ல அப்படிப் போடக் கூடாது.

சாஷே பவுடரா வாங்குற சுகர்காரங்க அதுல சர்க்கரை எவ்ளோன்னு பாத்துக்கோங்க. கிட்னில ஆக்சலேட் கல்லு வந்தவங்க டாக்டர்கிட்ட கேக்காம எடுக்காதீங்க. ஹார்ட்ல வால்வ் மாத்தி வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரை) சாப்பிடுறவங்க கண்டிப்பா முன்னாடியே சொல்லணும், ரெண்டும் சேர்ந்து ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டுற அளவு) ஏறி ரத்தக்கசிவு ஆன கேஸ்கள் பதிவாகியிருக்கு. மருந்து சீட்டு எழுதும்போது 'வேற என்ன சாப்பிடுறீங்க'ன்னு கேட்டா இந்த டப்பாவையும் எடுத்துக் காட்டுங்க.