பழைய கோப்பு டெம்பிளேட் ஆகாது

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் பினாங்கு ஜார்ஜ்டவுன் அச்சகங்களில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர்ப் பந்தல் குழுவின் விழா மலர் வந்து சேர்ந்தது. அட்டையில் 2026 பிப்ரவரி 1. ஒன்பதாம் பக்கத்தின் அடியிலோ பிப்ரவரி 11. அது 2025ஆம் ஆண்டுத் தைப்பூசம். அச்சுப் பிளேட் போடுவதற்குள் கண்ணில் பட்டது. கேட்டால், “டெம்பிளேட் வைத்துத்தான் செய்தோம், அண்ணே” என்கிறார்கள். எல்லாக் குழுவும் இதையே சொல்கிறது.

டெம்பிளேட் இல்லை ஐயா அது. போன ஆண்டுக் கோப்பைத் திறந்து, எழுத்துகளை மாற்றி, அதன் மேலேயே சேமித்திருக்கிறீர்கள். பழைய மலரும் போயிற்று. புதிய மலரில் பழைய மிச்சமும் ஒட்டிக்கொண்டது. ‘சேவ் ஆஸ்’ கொடுத்திருந்தால் பழையது பிழைத்திருக்கும், மிச்சம் போயிருக்காது. கோப்புக்கு ‘டெம்பிளேட் ஃபைனல்’ என்று பெயர் சூட்டினாலும் அது டெம்பிளேட் ஆகிவிடாது. தேதி, நன்கொடையாளர் பெயர், படம் எல்லாவற்றையும் நீக்கி, கட்டமைப்பை மட்டும் வைத்து, டெம்பிளேட் வகையிலேயே சேமிக்க வேண்டும். வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிராவில் அது சிடிடி (.cdt), லிப்ரே ஆஃபீஸ் டிராவில் ஓடிஜி (.otg). டிராவில் அதைத் திறந்தாலே பெயரில்லாத புதுக் கோப்புதான் வரும். கோரல்டிரா, புதிதாகத் தொடங்கவா, டெம்பிளேட்டையே திருத்தவா என்று கேட்கும். படிக்காமல் ஓகே அழுத்தாதீர்கள்.

அந்தப் பிப்ரவரி 11 எப்படித் தப்பியது? ஒரு பக்கத்தை நகலெடுத்து நகலெடுத்தே மலர் முழுவதும் செய்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடிவரியும் தனித்தனி. ஒன்றை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். எல்லாப் பக்கத்திலும் வரும் தேதியும் முத்திரையும் கோரல்டிராவில் மாஸ்டர் லேயரில், டிராவில் மாஸ்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே ஒருமுறை திருத்தினால் போதும். பக்க எண்ணையும் கையால் தட்டாதீர்கள், மென்பொருளே போடட்டும். கடைசி நாளில் ஒரு நகைக்கடை விளம்பரம் வரும், நடுவில் ஒரு பக்கம் சேரும், எண்கள் எல்லாம் நகரும்.

எழுத்துகளை ‘கர்வ்ஸ்’ ஆக்குவது, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றுவது, அச்சுக்கு அனுப்பும் பிரதியில் மட்டும். டெம்பிளேட்டில் செய்துவிட்டால் அடுத்த ஆண்டு தேதியைத் திருத்த முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் எழுத வேண்டும். கோரல்டிராவில் தாள் அளவை மாற்றும்போது எல்லாப் பக்கத்துக்குமா, இந்தப் பக்கத்துக்கு மட்டுமா என்று பாருங்கள். பார்க்காவிட்டால் ஏ5 மலருக்குள் ஒற்றை ஏ4 வந்து நிற்கும். வெட்டுக்கு நான்கு ஓரத்திலும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். நடுவில் பின் அடிக்கும் மலரென்றால் அட்டையோடு சேர்த்துப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 18 பக்கம் கொண்டுவந்து எங்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

பூசம் முடிந்த கையோடு டெம்பிளேட்டைச் சேமித்துச் செயலாளரிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள், தயவுசெய்து. வடிவமைத்த தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று எங்களைத் தேடி வராதீர்கள். எங்களிடம் இருப்பது பிடிஎஃப் மட்டும்தான்.