அரீத்தா ஜெயித்தார், ஜேம்ஸ் கார் ஏன் ஜெயிக்கவில்லை?

பாட வருகிற பிள்ளைகளிடம் "உன் குரலில் சரக்கு இருந்தால் உலகம் தேடி வரும்" என்று சொல்லி அனுப்புகிறோம். அது அவர்களுக்குச் செய்யும் தீங்கு. 1960களின் அமெரிக்க சோல் இசையை, அதாவது கறுப்பினத்தவரின் தேவாலயப் பாடலில் வேர்விட்ட உணர்ச்சிமிக்க இசையை, கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தாலே இது விளங்கும்.

பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினை எடுத்துக்கொள்வோம். 1966 வரை கொலம்பியா நிறுவனத்தில் வரிசையாக ஆல்பங்கள் பாடினார். அவற்றில், எந்தப் பாட்டு அதிகம் போகிறது என்று வரிசைப்படுத்தும் பாப் பட்டியலின் முதல் 40க்குள் நுழைந்தது ஒரே பாட்டு, அதுவும் 37ஆம் இடம். பிறகு அட்லாண்டிக் என்ற நிறுவனத்துக்கு மாறினார். தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் 1967 ஜனவரியில் அவரை அலபாமாவின் மசில் ஷோல்ஸுக்கு அழைத்துப்போய்ப் பியானோ முன் உட்காரவைத்தார். வயலின் கூட்டம் போய், அவர் வாசிப்பை ஒட்டியே நகரும் சிறு குழு வந்தது. அதே ஆண்டு 'ரெஸ்பெக்ட்' முதலிடம் பிடித்தது. குரல் என்னவோ பழைய குரல்தான்.

அந்தப் பாட்டை எழுதி 1965இல் முதலில் பாடியவர் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங். பாப் பட்டியலில் 35ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. தலைப்புச் சொல்லை எழுத்துக்கூட்டிப் பாடும் இடம், சகோதரிகளின் பின்னணிக் குரல், நடுவில் கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் எல்லாம் அரீத்தாவின் பதிவில் சேர்ந்தவை. முதல் தடவை கேட்பவருக்கும் கூடவே பாட ஓர் இடம் கிடைத்தது.

அடுத்தது ரேடியோ. அன்று பாட்டு பெரும்பாலும் ஏஎம் அலைவரிசையில், கார் ஸ்பீக்கர் வழியாகத்தான் காதுக்கு வந்தது. அதில் அடிநாத ஒலி எடுபடாது. சொல் தெளிவாகக் கேட்க 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிதான் முக்கியம். மோட்டவுன் என்ற இசை நிறுவனத்தின் சுப்ரீம்ஸ் பெண்கள் குழுவில் முன்னின்று பாடிய டயானா ராஸின் மெல்லிய, கூரான குரலில் மெய்யெழுத்துகள் அங்கே சுத்தமாக விழும். அதே குழுவின் ஃபுளோரன்ஸ் பல்லார்டுக்குக் கனத்த சாரீரம். அப்படிப்பட்ட குரல் உச்சத்துக்கு ஏறும்போது வானொலி நிலையத்தில் ஒலி அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டர் என்ற கருவி மொத்த ஒலியையும் அமுக்கும். தாளமும் பேஸும் சேர்ந்து அமுங்கும். நேரில் மெய்சிலிர்க்க வைத்தது ரேடியோவில் தட்டையாகிவிடும். இது தெரிந்துதான் மோட்டவுனில் மிக்ஸை, அதாவது குரலையும் கருவிகளையும் கலந்து முடித்த பதிவை, சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். 1964-65இல் சுப்ரீம்ஸுக்குத் தொடர்ச்சியாக 5 முதலிடங்கள். நடை, உடை, மேடைப் பேச்சு எல்லாவற்றுக்கும் அங்கே தனிப் பயிற்சியும் உண்டு.

இன்று பாடுபவர்களும் மிக்ஸ் முடிந்ததும் போன் ஸ்பீக்கரில், ஒலியைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். சொல் புரியவில்லை என்றால் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று உச்ச வரிகளை மட்டும் மறுபடி பதியுங்கள். லிமிட்டரை இறுக்கி அதைச் சரிக்கட்ட முடியாது.

தலைப்பில் சொன்ன பாடகர் ஜேம்ஸ் காருக்கு மோட்டவுன் மாதிரி பின்பலம் கிடையாது. மெம்ஃபிஸின் கோல்ட்வாக்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் அவர் பாடிய 'த டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்' 1967இல் பட்டியல் ஏறியது. சோல் இசையில் இதைவிட ஆழமான பதிவு இல்லை என்றே சொல்வேன். கறுப்பின ரசிகர்களுக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் 10ஆம் இடம். பாப் பட்டியலில் 77. சிறு நிறுவனங்களுக்கு எப்போதும் ஒரே இடத்தில்தான் அடி விழும்: இசைத்தட்டு அச்சடிக்கப் பணம் முன்னால் போகும், விநியோகஸ்தரிடமிருந்து மாதக்கணக்கில் கழித்து வரும். பாட்டு சூடாக இருக்கும்போது கையில் காசு இருக்காது. ஜேம்ஸ் காருக்கு மனநலச் சிக்கலும் இருந்தது. ஓயாமல் ஊர் ஊராகப் போய்ப் பாடுவது அவரால் முடியாத காரியம்.

இன்னொரு சோல் பாடகர் ஓ. வி. ரைட்டின் கதை இன்னும் வலிக்கும். 1964இல் கோல்ட்வாக்ஸுக்கு 'தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்' பாடினார். அவர் முன்பு தேவாலயக் குழுவில் பாடியபோது ஏற்பட்ட ஒப்பந்தம் இன்னும் தன் கையில் இருப்பதாக ஹூஸ்டனின் இசைத்தட்டு நிறுவன முதலாளி டான் ரோபி உரிமை கோரினார். ரைட் அவரிடமே போக வேண்டியதாயிற்று. அதற்குள் ஓட்டிஸ் ரெட்டிங்கின் பதிவு வந்துவிட்டது; இன்று பலருக்கும் அது ஓட்டிஸின் பாட்டு.

கையெழுத்து போடுமுன் பழைய ஒப்பந்தங்களை, பக்திப் பாடல் ஆல்பத்துக்குப் போட்டதையும் சேர்த்து, வழக்கறிஞரிடம் காட்டுங்கள். "எல்லா வகைப் பதிவும்" என்ற வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். பழைய ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பை எழுத்தில் வாங்காமல் ஸ்டுடியோவுக்குள் போகாதீர்கள்.