மே மாத வெயிலில் மைனஸ் 40 டிகிரி

"ஸ்கேனரில் பி0118 என்று வருகிறது. ஈசிஎம் போச்சு, மாத்தணும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

அவசரப்பட வேண்டாம். ஈசிஎம் என்பது எஞ்சினை நடத்தும் கணினி; பி0118 என்பது அது பதிவு செய்யும் கோளாறு எண். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எவ்வளவு சூடு என்று பார்க்கும் சென்சாரின் வயரில் வோல்டேஜ் அளவுக்கு மீறி இருக்கிறது, அவ்வளவுதான் அந்த எண் சொல்வது. கோளாறு சென்சாரிலா, வயரிலா, ஈசிஎம்மிலா என்று அதற்குத் தெரியாது.

சென்சார் என்பது சூடேறினால் மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர். ஈசிஎம் தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக அதற்கு 5 வோல்ட் அனுப்பிவிட்டு, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று அளக்கும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் அதிகம், சூடானால் குறைவு. பள்ளியில் படித்த ஓம் விதிதான்.

இப்போது வயரை எலி கடித்துவிட்டது என்று வையுங்கள். கரன்ட் ஓடாது, ஓடாததால் ரெசிஸ்டரில் எதுவும் குறையாது, 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். அதிக வோல்டேஜ் என்றால் அதிகக் குளிர் அல்லவா? சென்னையில், மே மாதத்தில், எஞ்சின் மைனஸ் 40 டிகிரியில் இருப்பதாக ஸ்கேனர் காட்டும்! செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டாம், அந்தப் புள்ளியில் இரண்டும் ஒன்றுதான். இதை நம்பாத ஈசிஎம்களும் உண்டு. அவை தாமாக ஒரு வெப்பநிலையை வைத்துக்கொண்டு, ரேடியேட்டர் ஃபேனை ஓடவிட்டுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதைச் சோதிக்கும் விதம். கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு பின்களையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். வோல்டேஜ் பூஜ்யத்துக்கு விழும். மைனஸ் 40 ஒரே தாவலில் 130, 140 என்று ஏறினால் வயரும் ஈசிஎம்மும் நலம், போனது சென்சார். ஏறவில்லையா? கம்பியை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரில் 5 வோல்ட் காட்டும் பின்னை மட்டும் எஞ்சின் எர்த்தில் தொடுங்கள். இப்போது ஏறினால் எர்த் வயர் அறுந்திருக்கிறது. எந்தப் பின்னிலும் 5 வோல்ட்டே இல்லை என்றால் சிக்னல் வயரை ஈசிஎம் வரைக்கும் பார்க்க வேண்டும். ஈசிஎம்மைத் திறக்காமலே அதை விசாரித்தாயிற்று. (இரண்டு வயர் சென்சாருக்கு மட்டும்தான் இது. மூன்று வயர் சென்சாரில் இப்படி ஷார்ட் செய்யாதீர்கள்.)

வாராவாரம் வண்டி முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் மாற்றிக் கட்டுகிறவர்கள், அப்படியே பானெட்டையும் திறந்து எலி வந்து போயிருக்கிறதா என்று பார்க்கலாம். திருஷ்டி வயரைக் கடிப்பதில்லை.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கும் குழாய்) போடச் சொல்லுங்கள். அத்தனை வயரும் நன்றாக இருந்தும் கோளாறு நின்றால்தான் ஈசிஎம் பேச்சு. அப்போதும் புது ஈசிஎம்மை மாட்டிய உடனே வண்டி கிளம்பிவிடாது. பல வண்டிகளில் சாவியோடு அதைக் கோடிங் செய்தாக வேண்டும்.